ஜீரோ மூச்சு

ஆண்டவரே நேரில் வந்து நின்றாலும் அந்த வாசல் முதலில் அவர் மூச்சைத்தான் கேட்கும் என்பாள் தெக்லா. சொன்ன கையோடு சிலுவையும் போட்டுக்கொள்வாள், வாய்க்கொழுப்புக்குப் பரிகாரமாக.

வாசல் என்றால் கோட்டை வாசல் இல்லை. தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலைப் பார்த்து நிற்கும் ஓர் இறால் கம்பெனியின் நுழைவு. ஆள் உயரத்தில் இரண்டு எஃகுத் தூண்கள், நடுவே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர், மேலே ஒரு விளக்கு. தூண்களுக்கு நடுவே நின்று ஊத வேண்டும். பச்சை எரிந்தால் உள்ளே போய் இறால் உரிக்கலாம். சிவப்பு எரிந்தால் வீட்டுக்குப் போகலாம். போனால் போனதுதான். கரையோரத்து வாசல்கள் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்பவை. இங்கே சிவப்பு வாங்கியவளுக்கு வேம்பார் வரைக்கும் எந்தக் குளிர்பதனக் கம்பெனியிலும் வேலை கிடையாது.

நல்ல எண்ணத்தில்தான் இது ஆரம்பித்தது. கெட்ட எண்ணத்தோடு வருகிறவனை நாம் வாசலிலேயே விரட்டிவிடுகிறோம். நல்ல எண்ணத்தோடு வருகிறவனைத்தான் உட்கார வைத்துக் காபி கொடுத்துவிடுகிறோம். இறாலைக் குளிரில் வைக்க அம்மோனியா வேண்டும். சில வருடங்களுக்கு முன்னால் வேறொரு கம்பெனியில் அம்மோனியாக் குழாய் வெடித்துப் பெண்கள் செத்தார்கள். அதன் பிறகு, அம்மோனியாவை மோப்பம் பிடிக்கும் லேசர் இல்லாமல் எந்தக் கூடத்திலும் ஆளை உட்கார வைக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. நியாயமான சட்டம். ஆனால் அந்த லேசர் அளவுக்கு மீறிக் கூர்மையாக இருந்தது. மனித மூச்சில் இருக்கும் துளி அம்மோனியாவையும் அது பார்த்தது. சிறுநீரகம் கெட்டுப்போனவர்களுக்கு, வெளியேற வேண்டிய கழிவு ரத்தத்திலேயே தங்கி மூச்சில் அம்மோனியாவாக வரும். சிறுநீரகம் பலவீனமானவர்கள் அம்மோனியாவுக்கு நடுவே வேலை செய்வது அவர்களுக்கே நல்லதில்லை என்று எங்கோ ஓர் அலுவலகத்தில் யாரோ ஒரு நல்லவர் சொன்னார். வாசல் வந்துவிட்டது.

அந்த லேசரை நழுவவிடாமல் சரியான அலையில் பிடித்து நிறுத்துகிறவள் பிரிசில்லா கொரைரா. நாற்பதைத் தாண்டியவள், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், கோயில் பாடற்குழுவில் சுருதி எடுத்துக் கொடுப்பவள். தெக்லா அவளுடைய அண்ணன் மனைவி. அதே கம்பெனியில் நாலாவது மேசையில் இறால் உரிப்பவள். அண்ணன் எட்வின் ஆழ்கடல் விசைப்படகில் போனால் மாதக்கணக்கில் வரமாட்டான். வீட்டில் இந்த இரண்டு பேர்தான்.

தவக்காலத்தின் நடுவில் ஒருநாள், இடைவேளையில் தெக்லா தூக்குச்சட்டியோடு லேசர் அறைக்குள் வந்தாள். பிரிசில்லா திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் ஒரு கோடு விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஏட்டி, இது ஏன் எப்பப் பாத்தாலும் வெறையல் வந்த மாதிரி ஆடிக்கிட்டே கெடக்கு?"

"நாந்தான் ஆட விட்டிருக்கேன் மைனி. கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் போயிப் பாத்தாத்தான் நடு எங்கன இருக்குன்னு அதுக்குத் தெரியும். அசையாம நின்னுச்சுன்னா எங்க நிக்கோம்னே மறந்துபோவும்."

"நடு தப்புனா என்னவாம்?"

"அம்மோனியா ஒரே ஒரு அலையைத்தான் முழுங்கும் மைனி. மத்ததெல்லாம் அதுக்குக் கண்ணாடி மாதிரி, பாட்டுக்கு உள்ள பூந்து வெளிய போயிரும். நம்ம லேசர் கரெக்டா அந்த அலையில நிக்கணும். உள்ள ஒரு கண்ணாடிக் குழாய், அதுல கார்பன்டை ஆக்சைடு, ரெண்டு முனையிலயும் ஒவ்வொரு கண்ணாடி. அந்த ரெண்டுக்கும் நடுவுல உள்ள தூரம் மயிரிழையில ஆயிரத்துல ஒரு பங்கு மாறுனாலும் அலை நழுவிரும். வெயில் ஏறுனா நழுவும். வெளிய ஐஸ் லாரி போனா நழுவும்."

"இந்தக் காலத்துல எல்லாந்தான் தானா நடக்கு. இது தானா நிக்காதாக்கும்?"

"நிக்கும். ஆனா சமயத்துல பக்கத்து அலைக்குத் தாவிரும். தாவிட்டு, இதான் சரின்னு சாதிக்கும். பக்கத்து வீட்டுக்குள்ள போயி உக்காந்துக்கிட்டுச் சோறு கேக்க மாதிரி. அதான் ஆளு ஒண்ணு கூடவே இருக்கணும்னு சட்டத்துலயே போட்டிருக்கான்."

தெக்லா தூக்குச்சட்டியைத் திறந்து கஞ்சியை ஊற்றினாள். உப்பில்லாத கஞ்சி. தவக்காலம் முடியும் வரை உப்பைத் தொடுவதில்லை என்று நேர்ந்திருப்பதாகவும், வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து இருந்தால் பலன் இரட்டிப்பு என்றும் சொல்லி நாத்தனாரையும் அந்த நேர்ச்சைக்குள் இழுத்துப் போட்டிருந்தாள். பிரிசில்லாவுக்கு அது ஒன்றும் சிரமமாகத் தெரியவில்லை. கொஞ்ச நாளாகவே எதைத் தின்றாலும் வாயில் தகரம் நக்கிய ருசி. பசியும் இல்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. நோன்பு இருக்கிற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். தவக்காலம் வந்தால் எங்கள் ஊரில் எந்த நோயும் பக்தி என்ற பெயரில் ஒளிந்துகொள்ளலாம்.

"ஒரு எட்டு டாக்டரப் பாத்துட்டு வாயேன். ஆளு பாதியாப் போயிட்ட."

"தெனமும் காலையில வாசல் எனக்குப் பச்சை போடுது மைனி. நூறு கோடியில ஒரு துளி இருந்தாலும் பிடிச்சிருமே, அதவிடப் பெரிய டாக்டர் யாரு?"

தெக்லா குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேசைக்கு அடியில் பிரிசில்லா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டியிருந்தாள்.

"பிரிசி, ஒண்ணு கேக்கேன், கோவப்படாத. எனக்குக் காலு வீங்கிட்டு வருது. சோறு எறங்கல. எங்கம்மைக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சுது. அந்த அலையைக் கொஞ்சம் சாய்ச்சு வச்சிருட்டி. மயிரிழைதான்னு நீதான சொல்லுத. அந்த மயிரிழையத்தான் கேக்கேன்."

பிரிசில்லாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோபமும் பயமும் சேர்ந்து வந்தன. இந்த மைனிதான் அவளைப் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கையில் தேர்வுக்கு எழுப்பிவிட்டவள். இவளுக்குச் சிவப்பு விழுந்தால் இந்தக் கரையில் இவளுக்கு வேறு பிழைப்பே இல்லை.

"அது வாசலுக்கு மட்டும் உள்ள லேசர் இல்ல மைனி. இதே கதிரப் பிரிச்சுத்தான் உங்க தலைக்கு மேல கூடத்துலயும் ஓட விட்டிருக்கோம். வாசலச் சாய்ச்சா கூடமும் குருடாயிரும். நாளைக்குக் குழாய் ஒழுகுனா யாருக்கும் தெரியாது. உங்களக் காப்பாத்துதேன்னு நூறு பேரக் கொல்லச் சொல்லுதியளா?"

"ஒழுகுனா எங்க மூக்குக்குத் தெரியாதாக்கும்?"

"இறால் நாத்தத்துலயும் பிளீச்சிங் பவுடர்லயும் உங்களுக்கு என்ன தெரியும்? கண்ணு எரியுதுன்னு போன வாரம் சொன்னீகளே, எதுனால எரியுதுன்னு சொல்ல முடியுமா?"

தெக்லா தூக்குச்சட்டியை மூடிக்கொண்டு கிளம்பினாள். வாசற்படியில் நின்று, "மாட்டேங்கியா?" என்று இன்னொரு தடவை கேட்டாள். மாட்டேன் என்றாள் பிரிசில்லா.

மறுநாள் காலையில் பிரிசில்லா எப்போதும்போல முதல் ஆளாக வந்து லேசரை அதன் அலையில் நிறுத்தி, ஜீரோ எடுத்தாள். இந்த ஜீரோ என்னவென்று சொல்லிவிட வேண்டும். மூச்சில் ஈரம் இருக்கிறது, கரியமில வாயு இருக்கிறது. அவையும் கதிரைக் கொஞ்சம் தின்னும். சாதாரண மூச்சு இவ்வளவு தின்னும் என்று லேசருக்கு முதலில் சொல்லித் தந்தால்தான் அதற்கு மேல் வருவதை அது நோய் என்று கணக்கிடும். அதற்கு நோயில்லாத ஒருவருடைய மூச்சு வேண்டும். வாசல் வைத்த அன்றைக்கு வந்த டாக்டர் எல்லோரையும் சோதித்துவிட்டு, இருப்பவர்களில் சுத்தமான ரத்தம் இவளுடையதுதான் என்று பிரிசில்லாவைக் காட்டினார். அன்றிலிருந்து தினமும் அவள் ஒரு குழாயில் ஊதுவாள். அதுதான் அன்றைய ஜீரோ, வாசலுக்கும் கூடத்துக்கும். ‘ஜீரோ வாரா பாரு’ என்று பெண்கள் கேலி செய்வார்கள். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

ஜீரோ எடுத்த பிறகு வெளியே வந்து, மற்றவர்களைப் போலவே அவளும் வாசலில் ஊத வேண்டும். ஊதினாள். பச்சை. பின்னால் வரிசையில் நின்ற தெக்லா, "மாதாவே, நன்றி" என்று வாய்விட்டுச் சொன்னாள். அவள் முறை வந்தது. அவளுக்கும் பச்சை. உள்ளே போகும்போது பிரிசில்லாவின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

"நான் ஒண்ணும் சாய்க்கல மைனி" என்றாள் பிரிசில்லா.

"சரிட்டி, சரி" என்று கண்ணைச் சிமிட்டினாள் தெக்லா.

யாரும்தான் நம்பவில்லையே. வாசல் வந்த முதல் வருடத்தில் சிவப்பு வாங்கிப் போனவர்கள் எத்தனையோ பேர். இந்த வருடம் ஒருத்திக்குக்கூட வரவில்லை. ஜீரோவுக்கு மனசு இரங்கிவிட்டது, ராத்திரியோடு ராத்திரியாக எதையோ திருகி வைத்திருக்கிறாள் என்று பெண்கள் முடிவு கட்டிவிட்டார்கள். அவள் மேசையில் நல்ல இறாலாகப் பொறுக்கிப் பொட்டலம் வைத்தார்கள். அவள் திருப்பிக் கொடுத்தால், ஆமாமா, வெளியே தெரியக் கூடாதுதான் என்று தலையாட்டி வாங்கிக்கொண்டார்கள். செய்யாத உதவிக்கு நன்றி வாங்குவது செய்யாத குற்றத்துக்குத் திட்டு வாங்குவதைவிட எரிச்சலான விஷயம்.

ஆனால் தெக்லாவுக்குப் பச்சை விழுந்தது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. கால் வீங்குகிறது, சோறு இறங்கவில்லை, ஆனால் மூச்சு சுத்தமாம். லேசர் பக்கத்து அலைக்குத் தாவிவிட்டதா? அந்த வாரம் முழுக்க அவள் அதைப் பிரித்து மேய்ந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் அதைத் தள்ளி இழுக்கும் சில்லை மாற்றினாள். சாட்சிக்காக அம்மோனியா அடைத்து வைத்திருக்கும் சின்னக் கண்ணாடிப் புட்டியின் வழியே கதிரைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். அலை இம்மி பிசகாமல் நின்றது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. மைனிக்கு வெறும் பயமாக இருக்கலாம், குளிர்ந்த தரையில் நின்றே வேலை பார்த்தால் யாருக்குத்தான் கால் வீங்காது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

பெரிய வாரம் வந்தது. பெரிய வியாழனன்று பூசையில் மணியும் வாத்தியமும் நின்றுவிட்டால், சனிக்கிழமை இரவு உயிர்ப்பைக் கொண்டாடும் பாஸ்கா பூசை வரைக்கும் கோயிலில் கீபோர்டைத் தொடக்கூடாது. வெறும் குரலில்தான் பாட வேண்டும். பெரிய வெள்ளியன்று பிரிசில்லா சுருதி எடுத்துக் கொடுக்க, குழு முழுவதும் பாடியது. ஊரே கண் கலங்கியது. பாடுகிறவர்களுக்கும் நிறைவாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை முற்பகலில் பாஸ்காப் பாட்டுகளுக்கு ஒத்திகை. கீபோர்டு வாசிக்கிற டிக்சன், எட்வினின் கூட்டாளி, நக்கல் பிடித்த ஆள். உறை போட்டு மூடிய கீபோர்டின் பின்னால் கைகட்டி நின்று, குழு வெறும் குரலில் ஒரு நீளமான பாட்டைப் பாடி முடிக்கும்வரை கேட்டான். கடைசி அடி முடிந்ததும், ஒத்திகைதானே என்று உறையை விலக்கி, அந்த அடிக்கு உரிய சுரத்தை அழுத்தினான்.

எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள். கீபோர்டு ஒரு பக்கம் நின்றது, பாட்டு நன்றாகக் கீழே நின்றது.

"ஒம்ம கீபோர்டு கெட்டுப்போச்சு" என்றாள் முன்வரிசையில் ஒருத்தி.

"கீபோர்டு எப்பிடிக் கெடும்? நீங்கதான் எறங்கி எறங்கி அடிவாரத்துக்கே வந்துட்டிய. நேத்தே கவனிச்சேன், துக்க நாள்ல எதுக்குன்னு விட்டுட்டேன்."

"போம்யா. எல்லாரும் சரியாத்தான பாடுனோம். ஒருத்தி குரல்கூடப் பிசிறலயே."

"ஒண்ணாப் பாடுனிய. சரியாப் பாடல. பிரிசி அக்காதான் எறங்குனது. அவங்களப் பாத்து நீங்க எல்லாரும் கூடவே எறங்கிட்டிய. கூட எறங்குறவனுக்கு எறங்குறது எப்பிடித் தெரியும்?"

எல்லோரும் சிரித்தார்கள். பிரிசில்லாவும் சிரிக்கப் பார்த்தாள். பிறகு பாட்டுப் புத்தகத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டுக் கோயிலை விட்டு வெளியே வந்தாள். கம்பெனிக்குப் போகும் ஷேர் ஆட்டோவை அவளே ஓடிப்போய்த்தான் நிறுத்தினாள். ஓடியதில் மார்பு அடைத்தது.

கம்பெனிக்கு லீவு. ஆனாலும் குளிர் எந்திரங்கள் ஓடியாக வேண்டும் என்பதால் மேனேஜர் திருமலையப்பன் வந்திருந்தார். பாளையங்கோட்டைக்காரர். பழைய கம்பெனியில் குழாய் வெடித்த அன்றைக்கு உள்ளே புகுந்து இரண்டு பெண்களைத் தூக்கிக்கொண்டு வந்தவர்; அன்றிலிருந்து அவர் குரல் கரகரத்துத்தான் வரும். வாசல் சட்டத்தை அவரளவு நம்புகிறவர் யாரும் கிடையாது.

"சார், இந்தக் குழாயில ஒரு தடவ ஊதுங்க."

"நான் எதுக்கும்மா? ஆபீஸ் ஆளுகளுக்குத்தான் வாசல் கெடையாதே."

"ஊதுங்க சார்."

ஊதினார். வழக்கமாக விளக்கு மட்டும்தான் எரியும். அவரவர் எண் அவரவர் அந்தரங்கம் என்று சட்டம் எண்ணை மூடி வைத்திருந்தது. அன்று பிரிசில்லா சோதனைத் திரையைத் திறந்திருந்தாள். எண் வந்தது. அதன் முன்னால் ஒரு கழித்தல் குறி.

"மைனஸா? என்னம்மா இது, நான் செத்துட்டனா?"

அவள் சிரிக்கவில்லை. "ஒண்ணுமே இல்லாததுக்குக் கீழ ஒண்ணு இருக்க முடியாது சார். உங்க மூச்சு சரியாத்தான் இருக்கு. நாம ஜீரோன்னு சொல்லி வச்சிருக்க எடந்தான் மேல ஏறிக் கெடக்கு."

மூலையில் ஒரு சிலிண்டர் தூசி படிந்து நின்றது. நோயில்லாத மூச்சைப் போலவே ஈரமும் வாயுவும் கலந்து அடைத்தது. ஆய்வாளர் வரும்போது சோதிப்பதற்கென்று கொடுத்துவிட்டுப் போனது. ஆய்வாளர் வந்தபாடில்லை. பிரிசில்லா அதன் முத்திரையை உடைத்துக் குழாயில் இணைத்து, அந்தக் காற்றை ஜீரோவாக வைத்தாள். திருமலையப்பனை மறுபடி ஊதச் சொன்னாள். பச்சை. பிறகு அவளே ஊதினாள்.

சிவப்பு எரிந்தது. லேசாகக்கூட இல்லை, நன்றாகவே எரிந்தது.

அப்புறம் திருமலையப்பன் ஓர் இறால் தட்டைக் கவிழ்த்துப் போட்டு அவளை உட்கார வைத்தார்.

"எப்பத்திலேர்ந்தும்மா?"

"தெரியல சார். மெல்ல மெல்ல ஏறியிருக்கு. நான் ஏற ஏற ஜீரோவும் என் கூடவே ஏறியிருக்கு. தெனமும் என்னை என்கூடயே வச்சுப் பாத்துட்டு, பச்சை பச்சைன்னு சொல்லியிருக்கு. அலை நழுவிருச்சோன்னு ஒரு வாரமாத் தேடுனேன். அலை அங்கனயேதான் நின்னுக்கிட்டு இருந்திருக்கு சார். நாந்தான் நழுவிட்டேன்."

சொல்லும்போதுதான் அழுகை வந்தது. சாவு பயம் அப்போது அவளுக்கு இல்லை. தினமும் தன் மூச்சை அளவுகோலாக நீட்டி, இதுதான் சரி என்று அத்தனை பேருக்கும் முன்னால் நின்றிருக்கிறோமே என்ற வெட்கம்தான் பெரிதாக இருந்தது.

திருமலையப்பன் கர்ச்சீப்பை எடுத்துக் கொடுத்தார். யாரோ கேட்டுவிடுவார்களோ என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினார்.

"அப்ப இந்த வருசம் சிவப்பே வராததுக்கு இதான் காரணம். சரி. ஒண்ணு சொல்லுதேன். இதை இப்பிடியே விட்டுருவோம். சிலிண்டரை மூடிரு. நீ டாக்டரப் பாரு, என் தங்கச்சி மாப்ள மதுரையில இருக்காரு, வெளிய தெரியாம பாத்துக்கிடலாம். திங்கக்கிழம நீயே ஜீரோ ஊது. எல்லார் பொழப்பும் ஓடட்டும். எத்தன பிள்ளைகள நானே வாசல்ல நிறுத்தித் திருப்பி அனுப்பியிருக்கேன் தெரியுமா? எனக்கும் போதும்மா."

சட்டத்தை அப்படி நம்பிய மனுஷன் வாயிலிருந்து இது வந்தது. பிரிசில்லாவுக்குச் சரி என்று சொல்லிவிடத்தான் ஆசையாக இருந்தது. சரி என்றால் மைனி பிழைப்பாள், தானும் பிழைக்கலாம், பெண்கள் வைக்கிற இறால் பொட்டலத்தைக்கூட இனிமேல் கூசாமல் வாங்கிக்கொள்ளலாம். சிலிண்டரின் திருகைப் பிடித்தாள். மூடுவதற்கு முன்னால், இந்தச் சரியான ஜீரோவை வைத்துக் கூடத்தை ஒரே ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று கதிரை அந்தப் பக்கம் மாற்றினாள்.

ஆளில்லாத கூடம். யாருடைய மூச்சும் இல்லை. திரையில் ஓர் இடத்தில் மட்டும் கோடு மேலே எழுந்து நின்றது. நாலாவது மேசைக்கு மேலே.

திருமலையப்பன் ஏணியும் சோப்புத் தண்ணீரும் எடுத்துக்கொண்டு ஓடினார். குழாய் மூட்டில் நுரையைத் தடவினார். நுரை சின்னச் சின்னக் குமிழியாக ஊதிக்கொண்டு வந்தது. ஊசித் துவாரம்தான். எத்தனை நாளாக ஒழுகியதோ. அதற்குக் கீழே உட்கார்ந்துதான் தெக்லா கண் எரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வால்வை மூடிவிட்டு வந்தவர் மதுரையைப் பற்றியோ மூடி மறைப்பதைப் பற்றியோ அதற்குப் பிறகு பேசவில்லை.

"திங்கக்கிழம சிலிண்டர்தான் ஜீரோ சார்" என்றாள் பிரிசில்லா. "வரிசையில முதல்ல நான் நிப்பேன்."

"சிவப்புன்னா வெளியதான்னு விதி இருக்கேம்மா."

"இருக்கட்டும் சார்."

திங்கட்கிழமை காலை. பாஸ்கா முடிந்த சந்தோஷம் பெண்களின் பேச்சில் இருந்தது. பிரிசில்லா லேசரை அலையில் நிறுத்தி, சிலிண்டரிலிருந்து ஜீரோ எடுத்துவிட்டு, வெளியே வந்து வரிசையின் தலைப்பில் நின்று, நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். வாசலில் ஊதினாள். சிவப்பு. அவள் ஓரமாக ஒதுங்கி நின்றாள். பின்னால் வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பச்சை. ஐந்தாறு பேருக்குச் சிவப்பு. அவர்கள் ஒவ்வொருத்தியாக வந்து பிரிசில்லாவுக்குப் பக்கத்தில் நின்றார்கள். ஒருத்தி அழுதாள். ஒருத்தி அவளை முறைத்தாள். முறைத்தவளுக்கு அந்த உரிமை இருந்தது.

தெக்லாவின் முறை வந்தது. பிரிசில்லா பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பச்சை.

தெக்லா உள்ளே போகவில்லை. திரும்பி வெளியே வந்து நாத்தனாரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது ஓர் ஐஸ் லாரி தெருவை அதிர வைத்துக்கொண்டு போனது. வாசல் விளக்கு மஞ்சளுக்கு மாறியது. லேசர் நழுவிவிட்டது.

லேசர் அதன் அலையில் நிற்காவிட்டால் கூடத்தில் ஒருவரும் இருக்கக் கூடாது என்பது சட்டம். அதைத் திரும்ப அலைக்குக் கொண்டுவரத் தகுதிச் சான்று பெற்றவள் சிவப்பு வாங்கி வெளியே நிற்கிறாள். சிவப்பு வாங்கியவரை உள்ளே விடக் கூடாது என்பதும் சட்டம். அன்றைய சிவப்புகளைக் கரையோரத்து வாசல்களுக்குச் சொல்ல வேண்டுமானாலும் அவள் உள்ளே வந்து உள்ளங்கையைப் பதித்தால்தான் முடியும். உள்ளே போன பெண்கள் எல்லோரும் சங்கு ஊதக் கேட்டு வெளியே வந்துவிட்டார்கள். திருமலையப்பன் தூணுக்கு அந்தப் பக்கம் நின்று, சட்டத்தை முன்னும் பின்னுமாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். எந்தப் பக்கம் போனாலும் முதலில் அவர்தான் அதை மீற வேண்டியிருந்தது.

"உள்ள வாம்மா" என்றார் கடைசியில்.

"நான் சிவப்பு சார்."

"தெரியுது, வா."

"நான் மட்டுமா சார்?"

அவர் அந்த ஐந்தாறு பேரையும் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "எல்லாரும் வாங்க. அம்மோனியா இருக்க கூடத்துக்கு வேண்டாம், பாக்கிங்குக்குப் போங்க, அங்க குழாயே கெடையாது. சாயங்காலம் எல்லாரையும் நானே டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போறேன். மூச்சுல நோய் தெரிஞ்சா ஆளை வைத்தியத்துக்குத்தான அனுப்பணும், வீட்டுக்கு அனுப்பி என்ன பண்ண? மேல கேட்டா, ஜீரோ மாத்துதோம், ஒரு மாசத்துக்குக் கணக்கு வராதுன்னு சொல்லிக்கிடுதேன். அதுக்குள்ள எழுதிப் போட்டுப் பாப்போம்."

"ஒத்துக்கிடுவாங்களா சார்?"

"தெரியல." அவர் தூண்களுக்கு நடுவே வந்து நின்றுகொண்டார். மஞ்சள் விளக்கின் கீழே அவரைத் தாண்டி எல்லோரும் உள்ளே போனார்கள்.

இடைவேளையில் தெக்லா தூக்குச்சட்டியோடு லேசர் அறைக்கு வந்தாள். பிரிசில்லா கோட்டைப் பிடித்து நிறுத்தியிருந்தாள். கஞ்சியை ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தவக்காலந்தான் முடிஞ்சிருச்சே மைனி. இன்னும் எதுக்கு உப்பில்லாம?"

தெக்லா மேசைக்கு அடியில் நீட்டியிருந்த அவள் கால்களைப் பார்த்தாள். செருப்பு வார் பதிந்த இடம் குழியாக இருந்தது.

"எங்கம்மைக்கு டாக்டரு முதல்ல நிறுத்தச் சொன்னது உப்பத்தான்" என்றாள்.

பிரிசில்லாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "உங்களுக்குக் காலு வீங்குதுன்னு சொன்னிய."

"பொய். நேர்ச்சையும் பொய்தான், ஆண்டவர் மன்னிப்பாரு. டாக்டர்ட்ட போன்னா நீ போற ஆளா? என்னிக்கு இருந்தாலும் அந்த வாசல் ஒனக்குச் சிவப்பு காட்டத்தான் போவுதுன்னு ராவெல்லாம் ஒறக்கம் இல்ல எனக்கு. ஒனக்காக அதச் சாய்ச்சு வையின்னா நீ செய்வியா?"

"மாட்டேன்."

"அதான் எனக்குன்னு கேட்டேன்." தெக்லா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே வேகத்தில் எரிச்சலோடு சேர்த்துச் சொன்னாள்: "எனக்குன்னு கேட்டாலும் மாட்டேன்னுட்டியேட்டி, பாவி."

பிரிசில்லாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வெளியே இன்னொரு லாரி போனது. அவள் ஒரு கையால் மைனியின் கையைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் லேசரின் திருகைத் தொட்டாள். திரையில் கோடு நடுங்கி, நடுங்கி, நின்ற இடத்திலேயே நின்றது.

"கஞ்சியக் குடி, ஆறிப்போவும்" என்றாள் தெக்லா.